மூச்சும் உயிர்ப்பும்: ஆற்றல் வழங்கல் குறித்த தமிழ்ச் சொற்களின் பொருளெல்லை

ஆய்வுச்சுருக்கம்

உயிரினம் ஆற்றல் பெறும் முறையில் காற்றை உள்வாங்கல், குருதிவழி அதனைக் கொண்டுசெல்லல், உயிரணுவினுள் உணவுப்பொருளிலிருந்து ஆற்றலை விடுவித்தல் என்னும் மூன்று நிகழ்வுகள் அடங்கும். தமிழில் வழங்கும் அறிவியல் நூல்கள் முதலாவதையும் மூன்றாவதையும் 'சுவாசம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகின்றன. இதனால் நேரும் பொருள்மயக்கத்தையும், 'மூச்சு', 'உயிர்ப்பு' ஆகிய சொற்கள் இலக்கண இலக்கியங்களில் பெற்றுள்ள பொருட்பரப்பையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. 'நாடி', 'நாளம்' ஆகிய சொற்கள் தமிழகத்திலும் ஈழத்திலும் வேறுபட்டு வழங்குவதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மூச்சு, உயிர்ப்பு, சுவாசம், குருதியோட்டம், நாடி, கலைச்சொல்

ஒரு சொல்லும் இரு நிகழ்வுகளும்

மார்பு விரிந்து காற்று உட்புகுவதும், மார்பு சுருங்கிக் காற்று வெளியேறுவதும் கண்ணுக்குப் புலனாகும் இயக்கம். தசையின் ஓர் உயிரணுவினுள் சர்க்கரைச் சிதைவுற்று ஆற்றல் வெளிப்படுவது புலனுக்கு எட்டாத வேதிவினை. இவ்விரண்டையும் தமிழ்ப் பாடநூல்கள் 'சுவாசம்' என்றே வழங்குகின்றன. வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் 'செல் சுவாசம்' என்று அடைமொழி சேர்ப்பதுண்டு. ஈழத்து நூல்களில் 'கலச் சுவாசம்' எனப்படும். அடைமொழி சேர்ந்த பின்னரும் தலைச்சொல் மூச்சையே நினைவூட்டுவதால், உயிரணு ஒவ்வொன்றும் சிறு நுரையீரல்போலக் காற்றை இழுத்து விடுகிறது என்னும் எண்ணம் கற்பவரிடம் எளிதில் தங்கிவிடுகிறது.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சுவாசம் என்பது எரிதலை ஒத்த வேதிவினை என்பதை நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். அவர் லாப்லாசுடன் இணைந்து கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல்வெப்பத்தால் உருகிய பனியின் அளவையும் அது வெளிவிட்ட கரியமிலவாயுவின் அளவையும் ஒப்பிட்டார். 1783இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. அந்த லவாய்சியரே எரிதல் நுரையீரலில் நிகழ்வதாகக் கருதினார். அது உடலின் திசுக்கள் அனைத்திலும் நிகழ்கிறது என்பது உறுதிப்பட மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மூச்சு நிகழும் இடத்தையே ஆற்றல் பிறக்கும் இடமாகக் கொள்வது இயல்பான பிழை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அறிவியல் அப்பிழையைக் கடந்துவிட்டது; சொல் இன்னும் அங்கேயே நிற்கிறது.

ஆற்றல் பிறக்கும் இடம்

சொல்லாய்வுக்கு முன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். உள்ளே செல்லும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. வெளிவரும் காற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடு. குறைந்த பகுதி நுரையீரலின் காற்றுப்பைகளில் குருதிக்கு மாறியிருக்கிறது. இக்காற்றுப்பைகள் கோடிக்கணக்கானவை, அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். இத்துணைப் பெரும்பரப்பு இருந்தும் நுரையீரலில் ஆற்றல் விளைவதில்லை. நுரையீரல் தன் உயிரணுக்களுக்கென விளைவித்துக்கொள்வது வேறு. அது வாயில் மட்டுமே.

அவ்வாயிலில் பெற்றதை உடலெங்கும் சேர்ப்பது குருதி; குருதியைச் செலுத்துவது இதயம். ஓய்வுநிலையில் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டால், நிமிடத்திற்கு 5 லிட்டர் அளவு குருதி வெளியேற்றப்படுகிறது. உடலில் உள்ள மொத்தக் குருதியும் ஏறத்தாழ அவ்வளவே ஆதலின், ஒரு நிமிடத்தில் உடற்குருதி முழுவதும் ஒருசுற்று வந்துவிடுகிறது எனலாம். தமனிக் குருதி ஒரு லிட்டரில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஓய்வில் உள்ள உடல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டரைச் செலவிடுகிறது. எஞ்சியது உழைப்புக்கான இருப்பு. ஓடும்போது மூச்சும் துடிப்பும் ஒருங்கே உயர்வது இவ்விருப்பு போதாமையால்தான்.

இதயம் ஆற்றலைத் தருவதில்லை. ஆற்றலைச் செலவிட்டே அது இயங்குகிறது. தன் அறைகளில் எந்நேரமும் குருதி நிறைந்திருந்தும் இதயத்தசை அதிலிருந்து நேரே உணவு பெறுவதில்லை என்பது பலர் அறியாத செய்தி. பெருந்தமனியின் தொடக்கத்தில் பிரியும் இரண்டு சிறு தமனிகள் இதயத்தின் புறப்பரப்பில் கிளைத்து அத்தசைக்குக் குருதி வழங்குகின்றன. அவற்றில் அடைப்பு நேர்ந்தால், குருதியால் நிரம்பிய உறுப்பே குருதியின்றி நலிகிறது. மாரடைப்பு என்னும் சொல் 'அடைப்பு' என்று சரியாகவே சுட்டுகிறது. ஆயினும் அடைபடுவது மார்போ இதயமோ அன்று, இதயத்தை ஊட்டும் குழாய்.

ஆற்றல் விடுபடுவது உயிரணுவினுள், பெரும்பகுதி இழைமணி எனப்படும் நுண்ணுறுப்பில். குளுக்கோசு மூலக்கூறு ஒன்று ஆக்சிஜனுடன் முற்றச் சிதையும்போது ஏறத்தாழ 30 முதல் 32 வரையிலான ஏ.டி.பி. மூலக்கூறுகள் உருவாகின்றன. பழைய பாடநூல்கள் 36 அல்லது 38 என்று குறிக்கும். ஆக்சிஜன் இல்லாத நொதித்தலில் கிடைப்பவை 2 மட்டுமே. உடல் ஏ.டி.பி.யைச் சேமித்து வைப்பதில்லை. தசையில் உள்ள இருப்பு கடும் உழைப்பில் சில நொடிகளுக்கே போதும். மூளைக்குக் குருதி நின்றால் ஏறத்தாழ பத்து நொடியில் நினைவு தப்புவதும் இதனாலேயே. மூச்சு, துடிப்பு ஆகியவற்றின் இடையறாமைக்குக் காரணம் உயிரணுவின் இந்தச் சேமிப்பின்மை.

மூன்று நிகழ்வுகளும் எல்லா உயிரிடத்தும் சேர்ந்து காணப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. கரப்பான்பூச்சிக்கு இதயமும் குருதியும் உண்டு. எனினும் அதன் நிறமற்ற குருதி ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. உடலின் பக்கத்துளைகள் வழியே புகும் காற்று நுண்குழல்கள் மூலம் திசுக்களை நேரே அடைகிறது. மரத்திற்கு இதயமும் இல்லை, நுரையீரலும் இல்லை. இரண்டிலும் மூன்றாவது நிகழ்வு மட்டும் தவறாமல் நடக்கிறது. பொதுவான ஒன்றிற்குத் தனிப்பெயர் இல்லாமல், சிலவற்றுக்கே உரிய ஒன்றின் பெயரை அதற்கு இரவலாகத் தந்திருப்பதே இன்றைய நிலை.

'உயிர்த்தல்' பெற்ற பொருள்கள்

தமிழில் உயிரையும் மூச்சையும் இணைக்கும் சொல் 'உயிர்த்தல்'. திருக்குறளுக்குள்ளேயே இச்சொல் இருவேறு பொருளில் வருகிறது. பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில் (880) பகைவர் செருக்கை அழிக்காதவர் மூச்சுவிடும் அளவுக்கும் உளராகார் என்னும் கருத்தில் மூச்சுவிடுதலைக் குறிக்கிறது. புணர்ச்சி மகிழ்தலில் (1101) ஐம்புலன்களை எண்ணும் வரிசையில் மோத்தலைக் குறிக்கிறது. மூக்கின் வழி நிகழும் இரு செயல்களுக்கும் ஒரு சொல் போதுமானதாக இருந்துள்ளது. ஈனுதல் என்னும் பொருளும் இதற்கு உண்டு; அப்பொருளில் ஓர் உயிர் மற்றோர் உயிரை வெளிப்படுத்துகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாட்டுக்கு அப்பாற்பட்டனவாக எண்ணும் முப்பத்திரண்டில் 'உயிர்ப்பு' ஒன்று. அதற்கு அடுத்து வருவது 'கையாறு'. உரையாசிரியர்கள் இவ்வுயிர்ப்பை நெடுமூச்சு என்னும் பொருள்பட விளக்குவர். மனத்துயர் மூச்சின் அளவை மாற்றுகிறது என்னும் நுட்பமான அவதானிப்பு இதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் இங்கும் உயிர்ப்பு என்பது வெளியே புலனாகும் மூச்சே, புலனாகாத உள்வினையன்று.

எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்தில் தொல்காப்பியம் வளியை உந்தியிலிருந்து தோன்றுவதாகவும், தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுவதாகவும் கூறுகிறது. இங்கு 'நெஞ்சு' காற்று தங்கும் உடற்பகுதி. அகப்பாடல்களில் தலைவி விளித்துப் பேசும் நெஞ்சு மனம். ஒரே சொல் உடலுறுப்பையும் உணர்வின் இருப்பிடத்தையும் சுட்டுவது பல மொழிகளுக்கும் பொது. நன்னூல் இப்பகுதியில் ஒரு மாற்றத்தைச் செய்கிறது: வளி தானே எழுவதில்லை, உயிரின் முயற்சி அதனை உந்துகிறது. ஆற்றலின் மூலம் எது என்னும் வினா தொல்காப்பியத்தில் எழவில்லை, நன்னூலில் எழுந்து மெய்யியல் விடையைப் பெற்றுள்ளது எனக் கொள்ளலாம். பவணந்தியார் சார்ந்த சமண மரபின் அணுக்கொள்கை அந்நூற்பாவில் வெளிப்படையாகவே இடம்பெறுவதால் இவ்வாறு கருதுவது மிகையாகாது.

திருமந்திரம் மூச்சை அளவிடுகிறது. வளியை உள்வாங்க 16, உள்நிறுத்த 64, வெளிவிட 32 மாத்திரை என்பது அதன் கணக்கு. எழுத்தொலிக்குக் கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதுமாக இலக்கணிகள் வகுத்த மாத்திரை என்னும் அலகே இங்கு மூச்சுக்கும் அளவாகிறது. ஒலியும் மூச்சும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டமை, இரண்டும் வளியின் இருவேறு தொழில்கள் என்னும் பார்வையின் விளைவாகலாம்.

தீயும் துருத்தியும்

மேற்கண்ட சான்றுகள் வளியைப் பற்றியவை. உடலின் ஆற்றலைப் பற்றிப் பேசுமிடத்தில் தமிழ் நூல்கள் வளியை முதன்மைப்படுத்துவதில்லை. உணவையும் தீயையுமே முதன்மைப்படுத்துகின்றன. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் புறப்பாட்டு (புறம். 18) உடலுக்கு முதல் உணவு என்றும், உணவு என்பது நிலமும் நீரும் கூடியது என்றும் வாதத்தை அடுக்குகிறது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வயிற்றுத்தீயின் அளவறியாது மிகுதியாக உண்பதன் தீங்கைக் கூறுகிறார் (947). உண்ட உணவு எரிகிறது, எரிவதற்கு ஓர் அளவு உண்டு என்னும் கருத்து இங்குத் தெளிவு.

ஆனால் அத்தீக்குக் காற்று வேண்டும் என்னும் இணைப்பை இப்பாடல்கள் செய்யவில்லை. கிரேக்க மரபிலும் இதே இடைவெளி இருந்தது. அரிசுடாட்டில் இதயத்தை உடல்வெப்பத்தின் உறைவிடமாகவும், மூச்சை அவ்வெப்பத்தைத் தணிக்கும் குளிர்ச்சியாகவும் கருதினார். காற்று தீயை வளர்ப்பது கொல்லுலை முன் நின்ற எவருக்கும் தெரிந்த செய்தி. அதே காற்று உடலில் தீயை அணைப்பதாக எண்ணியது வியப்புக்குரியது.

கொல்லுலை பற்றிய அரிய உவமை ஒன்று குறுந்தொகையில் உள்ளது. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய பாடலில் (குறுந். 172) தலைவியின் நெஞ்சு துருத்திக்கு ஒப்பிடப்படுகிறது. ஏழு ஊர்களின் பொதுத்தொழிலுக்கு ஓரூரில் அமைந்த உலையின் மிதிதோல் ஓய்வறியாது உழைப்பதுபோல் அவள் நெஞ்சும் எல்லையறியாது வருந்துகிறது. ஓரிடத்தில் இருந்து ஏழிடத்திற்கு உழைக்கும் கருவி, நெஞ்சு என்னும் உவமேயம், இடையறாத விரிதல் சுருங்கல் ஆகியவை ஒருங்கு அமைந்திருப்பதைக் காணும்போது, குருதியோட்டத்தைப் புலவர் முன்னரே அறிந்திருந்தார் என்று எழுதத் தோன்றும். அத்தகைய முடிபுகள் அண்மைக்கால ஆய்வுகளில் அருகியன அல்ல. அவை பாடலுக்கும் அறிவியலுக்கும் ஒருசேர ஊறு செய்கின்றன. பாடலின் நெஞ்சு வருந்தும் மனம். உவமையின் பொதுத்தன்மை ஓய்வின்மை. பலர்க்குரிய சுமையை ஒருத்தி சுமக்கும் தனிமை 'ஏழூர்' என்னும் எண்ணில் வெளிப்படுகிறது. உடலியங்கியலைப் புகுத்தினால் அத்தனிமை மறைந்துவிடும். குருதி சுற்றி வருகிறது என்பதற்கு, ஒரு மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணக்கிட்டு, அவ்வளவையும் உணவிலிருந்து புதிதாக உண்டாக்க இயலாது எனக் காட்ட வேண்டியிருந்தது. வில்லியம் ஆர்வி 1628இல் செய்தது அது. தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் கண்டாரில்லை. மால்பிகி 1661இல் நுண்ணோக்கியால் கண்டார்.

உவமையாக அன்றிக் கற்பித்தற் கருவியாகத் துருத்தியைக் கொள்வதில் தடையில்லை. துருத்தி மூச்சு, கரி உணவு, தீ உயிரணுவின் வினை. துருத்தியில் தீ இல்லை என்பதைக் கொல்லுலை அறிந்த எவரும் மறுக்கார். சுவாசம் என்னும் ஒரு சொல் துருத்திக்கும் தீக்கும் ஒரே பெயரை இட்டிருக்கிறது.

நாடி என்னும் பன்முகச் சொல்

குருதியோட்டம் தொடர்பான சொற்களில் சிக்கல் வேறு வகையானது. சித்த மருத்துவர் மணிக்கட்டில் விரல் வைத்து அறிவது நாடி. வளி, அழல், ஐயம் மூன்றும் ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நடப்பது இயல்புநிலை. அன்னம், ஆமை, பாம்பு முதலியவற்றின் நடை அவற்றுக்கு ஒப்பாகும். விரலடியில் உணரப்படுவது இதயம் செலுத்திய குருதியின் அலை என்பது இன்றைய அறிவு. சித்த நூல்களுக்கு அது மூன்று உயிர்த்தாதுக்களின் நடை. யோக நூல்களில் இடகலை, பிங்கலை, சுழுமுனை ஆகியவையும் நாடிகளே. அவை குருதிக்குரியன அல்ல. தென்மாவட்டப் பேச்சில் முகவாய்க்கும் நாடி என்று பெயர்.

நாளொன்றுக்கு மூச்சு 21,600 என்பது மரபுக் கணக்கு. நிமிடத்திற்கு 15 என இது அமைவதால் இன்றைய அளவீட்டுக்குள் பொருந்துகிறது. இப்பொருத்தம் அவதானிப்பின் பயனாகவும் இருக்கலாம். அறுபதின் பெருக்கங்களாக நாழிகை, விநாழிகை வகுத்த காலக்கணக்கின் பயனாகவும் இருக்கலாம். எண் ஒத்ததனாலேயே முதலாவதைத் தேர்வது முறையன்று.

இன்றைய வழக்கில் தமிழகப் பாடநூல்கள் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாயைத் தமனி என்றும், இதயத்திற்குக் கொணர்வதைச் சிரை என்றும் வழங்கும். 'இரத்த நாளம்' என்பது இரண்டிற்கும் பொதுப்பெயர். ஈழத்து நூல்களில் முன்னது நாடி, பின்னது நாளம். எனவே தமிழகத்து நூலில் 'நுரையீரலின் இரத்த நாளங்கள்' என்னும் தொடரை யாழ்ப்பாணத்தில் பயின்ற மாணவர் நுரையீரலிலிருந்து இதயத்திற்கு வரும் குழாய் என்றே பொருள்கொள்ள இடமுண்டு. அக்குழாயில் ஆக்சிஜன் நிறைந்த குருதி ஓடுகிறது. நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் குறைந்த குருதி ஓடுகிறது. ஒரு சொல்லின் மயக்கம் குருதியின் தன்மையையே தலைகீழாக்கிவிடுகிறது. இரு நாட்டுத் தமிழரும் ஒரே நூலைப் பயன்படுத்தும் இக்காலத்தில் இது சிறு குறையன்று.

சாமுவேல் பிஷ் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தபோது இத்தகைய தேர்வுகளை முதன்முதலில் பெருமளவில் எதிர்கொண்டார். அவரது முயற்சியால் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'மனுஷ சுகரணம்' (1883) ஆகியவற்றின் தலைப்புச் சொற்களே இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியலும் உடலியங்கியலும் அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டன. நிலைத்துவிட்ட கலைச்சொல்லை மாற்ற இயலாது என்பார்க்கு இதுவே விடை.

வரையறையாக 'உயிர்ப்பு'

காற்றை உள்வாங்கி வெளிவிடுதலை 'மூச்சு' என்றும், உயிரணுவினுள் ஆற்றலை விடுவித்தலை 'உயிர்ப்பு' என்றும் பிரித்து வழங்கலாம். இதனைப் பழம்பொருளின் மீட்பு என்று கூறுதல் பொருந்தாது. குறளும் தொல்காப்பியமும் உயிர்ப்பை மூச்சு என்னும் பொருளிலேயே ஆண்டுள்ளமை மேலே காட்டப்பட்டது. இது புதிய வரையறை. ஆயினும் பேச்சிலும் உரைநடையிலும் மூச்சுவிடுதலுக்கு 'மூச்சு' நிலைபெற்று, 'உயிர்த்தல்' அப்பணியிலிருந்து ஏறத்தாழ விடுபட்டுவிட்டதால், ஓய்ந்திருக்கும் சொல்லுக்குப் புதுப்பணி தருவது எளிது. உயிருள்ள எதுவும் செய்யும் வினைக்கு உயிரை வேராகக் கொண்ட பெயர் அமைவதும் பொருத்தமே.

தடைகளும் உள. கிறித்தவ வழக்கில் உயிர்ப்பு என்பது இறந்து எழுதல். 'உயிர்ப்பு ஞாயிறு' பரவலாக அறியப்பட்ட தொடர். துறை வேறாதலால் அங்கு மயக்கம் நேராது. சுவாசம் என்னும் சொல் மருத்துவமனை முதல் நாளிதழ் வரை ஊன்றியிருப்பது இதனினும் வலிய தடை. அதனை அகற்ற வேண்டியதில்லை. 'சுவாசக் கோளாறு' போன்ற தொடர்களில் அது மூச்சையே குறிப்பதால் மூச்சின் மறுபெயராக நின்றுவிடலாம். உயிரணுவின் வினையிலிருந்து விலக்கினால் போதும்.

இவ்விலக்கத்தின் தேவையை இரு தொடர்கள் காட்டும். தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசமும் செய்கின்றன என்பது பரவலான பிழைக்கருத்து. தாவரத்திற்கு மூச்சு இல்லை; உயிர்ப்பு இரவும் பகலும் உண்டு; பகலில் ஒளிச்சேர்க்கை மிகுவதால் அது வெளியே தெரிவதில்லை. மற்றொன்று, பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்கும் 'காற்றில்லாச் சுவாசம்'. கள் புளிப்பதிலும் மாவு பொங்குவதிலும் ஈசுட்டு செய்யும் வினையை விளக்க வந்த தொடர் அது. சுவாசம் என்பதை மூச்சு எனக் கொள்ளும் எந்த மாணவருக்கும் அது 'காற்றில்லா மூச்சு' என்றே ஒலிக்கும். 'காற்றில்லா உயிர்ப்பு' என்பதில் அம்முரண் இல்லை.